அறிவுரைக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை

சென்ற மாதம் திருமானூர் ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. வாரத்தில் 2 நாள் அந்தப் பள்ளிக்குப் பயிற்சி ஆலோசகராகப் போய்வருகிறேன் என்பதால் எனக்கும் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் வந்து பேச மதியத்தில் ஒரு மணி நேரமும், யாரும் குறுக்கே வராத ஓர் இடமும் வேண்டும் என்று கேட்டேன். நான் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எங்கள் திருமழபாடிக்காரர்தான். எனக்குப் பெரியப்பா முறை.

“ஏம்மா, ஒங்க தாத்தா காலத்துலேருந்து ஒங்க குடும்பத்த எனக்குத் தெரியும். படிச்சு வந்து நிக்கிற, சந்தோஷம். ஆனா புள்ளைங்களுக்குப் புத்தி சொல்ல வெளியேருந்து ஒரு ஆளு வேணுமா? வாத்தியாரு இருக்காரு, பெத்தவங்க இருக்காங்க, நாங்கல்லாம் இருக்கோம். எங்க காலத்துல கவுன்சலிங்கா இருந்துச்சு? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தாங்குற சக்தி இல்ல, அவ்வளவுதான்.”

பாதிக் கூட்டம் தலையாட்டியது. நான் எதுவும் பேசவில்லை. பெரியவர் பேச்சுக்கு அதே கூட்டத்தில் எழுந்து பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. அவரைக் குறைத்துப் பேசவும் மனம் வராது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் படுகைக்காரர்களின் மாட்டை அவிழ்த்துவிட முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆனால் அவர் சொன்னது தவறு. அவர் மட்டும் சொல்வதாக இருந்தால் விட்டிருப்பேன். ஆசிரியர் அறையிலும் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும், சில நேரம் மருத்துவர்கள் வாயிலிருந்தும் இதையேதான் கேட்கிறேன். அதனால் எழுதுகிறேன். நான் சந்தித்த எந்தப் பிள்ளையின் கதையும் இதில் வராது. ஏன் வராது என்பதும் என் பதிலின் ஒரு பகுதி.

கவுன்சலிங் என்ற சொல் எங்கள் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங் கவுன்சலிங்காக வந்தது. அப்புறம் ஆசிரியர்களின் இடமாறுதல் கவுன்சலிங். இரண்டிலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் இருப்பவர் வாங்கிக்கொண்டு போனார். மனநல ஆலோசனையையும் மக்கள் அப்படியே புரிந்துகொண்டார்கள்: புத்தி இருப்பவர் புத்தி இல்லாதவருக்கு அதை எடுத்துக் கொடுப்பது. அப்படித்தான் என்றால் பெரியப்பா கேட்டது சரி. புத்தி சொல்ல ஆள் வைக்கவே வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை அறிவுரை கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் வீட்டில், “நாங்க படுற கஷ்டம் தெரியுதா, படி.” பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், “என்ன குரூப்பு? பயோ மேக்ஸா? நல்லா படிக்கணும்.” காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர். ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் ஐந்து நிமிடம். மாலையில் தெருமுனையில் தாத்தா முறை, மாமா முறை. ராத்திரி செல்போனைத் திறந்தால் கோட்டுப் போட்ட ஒருவர், ‘வெற்றிக்கு ஏழு வழிகள்’. இத்தனையும் கேட்டபிறகும் அந்தப் பிள்ளை வகுப்பின் கடைசி பெஞ்சில் மூன்று வாரமாக யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், குறைவது எது? அறிவுரையா? அறிவுரை போதவில்லை என்று ஒரு பிள்ளையும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

இது எனக்கே பயிற்சியில்தான் உறைத்தது. எங்கள் வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்காரச் சொல்வார்கள். ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், மூன்றாமவர் கவனிக்க வேண்டும். பேச்சைப் பதிவு செய்து அன்று மாலையே எழுதிப் பார்க்க வேண்டும். என் முதல் பதிவு இருபது நிமிடம். எதிரில் இருந்த பெண் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள். என் மூன்றாவது வாக்கியம், “அப்படியெல்லாம் நெனைக்கக் கூடாது.” அதற்குப் பிறகு அவள் தன் தம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னாள். ‘ஆனா’ என்ற சொல்லை 11 முறை சொல்லியிருந்தேன். மேற்பார்வையாளர் ஒவ்வொரு ‘ஆனா’வுக்கும் பென்சிலால் வட்டம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

கேட்பது தானாக வருவதில்லை. நெல் நாற்றுப் பறிப்பதுபோல அதுவும் கை பழக வேண்டிய வேலை. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை நிறுத்தினால், நிறுத்திய இடத்திலேயே நாமும் நிற்க வேண்டும். அந்த மௌனத்தை நிரப்ப நாக்கு துடிக்கும். ஏதாவது நல்லது சொல்லிவிடலாம், ஒரு குறளாவது சொல்லிவிடலாம் என்று தோன்றும். அது பிள்ளையின் பாரத்தை இறக்காது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு ஏறிய பாரத்தைத்தான் இறக்கும். நம்மில் பெரும்பாலோர் அறிவுரை சொல்வது இதற்காகத்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எதிரில் ஒருவர் அழுவதை நம்மால் தாங்க முடிவதில்லை. தாங்கும் சக்தி இல்லாதது பிள்ளைகளுக்கு மட்டுமா?

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத் தன் தோல்வியிலிருந்து கற்றார். பன்னிரண்டு வயதிலிருந்து பண்ணையில் வளர்ந்தவர், கல்லூரியில் முதலில் சேர்ந்தது வேளாண்மைப் படிப்பில். பிறகு ரோசெஸ்டர் நகரத்தில் 12 ஆண்டுகள், சிக்கலில் இருந்த பிள்ளைகளோடு வேலை செய்தார். அங்கே ஒரு சிறுவனின் தாயிடம், உன் பிள்ளையை நீ ஒதுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று புரியவைக்க வாரக்கணக்கில் முயன்றார். நடக்கவில்லை. இதோடு விட்டுவிடலாம் என்றார், அந்த அம்மாளும் சரி என்று எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். திரும்ப வந்து உட்கார்ந்து தன் கணவனைப் பற்றியும் தன் விரக்தியைப் பற்றியும் கொட்டித் தீர்த்தார். அதுவரை ரோஜர்ஸ் கேட்டிராத கதை. எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதற்கு அந்த அம்மாள் ஒரு முக்கியமான காரணம்.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர்ச் சாமி வைத்தியநாதர். ஊருக்குப் பெரிய திருவிழா பங்குனி புனர்பூசத்தில் நடக்கும் நந்தி கல்யாணம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளை நந்தியை அழைத்துக்கொண்டு வருவார், சுயசாம்பிகையோடு கல்யாணம் நடக்கும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சொல். வரன் அமையாமல் வாடும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பங்குனி பொதுத்தேர்வு மாதமும்கூட. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தேர்வுக்கு நடுவில், அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு முன்வரிசையில் நிறுத்தினார். மாலை மாற்றும் நேரத்தில் என் தலையைப் பிடித்துக் கும்பிட வைத்தார். பெண் பார்க்க ஏற்கனவே ஒருமுறை வந்து போயிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில், நாதஸ்வரச் சத்தத்தில், நான் வேண்டிக்கொண்டது இந்தக் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள் சாமி என்பதுதான்.

மறுநாள் எனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரிடம் சொன்னேன். நல்லவர். அக்கறையோடு கேட்டார், நிறையப் புத்தி சொன்னார், தைரியமாக இரு என்றார். ஆசிரியர் அறையில் பேச்சோடு பேச்சாக இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் தெருவுக்கு வந்துபோகிறவர். மாலைக்குள் செய்தி அப்பாவை எட்டிவிட்டது, இன்னொரு வாலும் சேர்ந்து: “ஒம் பொண்ணு கல்யாணம் வேணாங்குதாமே, எதும் வெவகாரமா?” ‘விவகாரம்’ என்ற சொல் ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மீதித் தேர்வுகளுக்கு அப்பா கூடவே வந்து, வாசலில் நின்று, கூடவே அழைத்துக்கொண்டு போனார். கல்யாணம் நின்றது நகைப் பேச்சில் ஒத்துவராததால். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது எந்த அறிவுரையும் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட 5 பவுன்.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்தது தவறு என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இருந்ததில்லை. ஆனால் அன்று நான் கற்றது ஒன்றுதான்: இனி யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அதைக் கற்றுக்கொண்டால் பிறகு எத்தனை பேர் எத்தனை புத்தி சொன்னாலும் அது காதில்தான் விழும்.

அதனால் இப்போது ஒரு பிள்ளை வந்தவுடன் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீ சொல்வது இங்கேயே இருக்கும். ஆசிரியரிடம் போகாது, வீட்டுக்குப் போகாது. மூன்று விஷயம் மட்டும் விதிவிலக்கு. உன் உயிருக்கு ஆபத்து என்றால், உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால், உன்னை யாராவது தகாத முறையில் தொட்டிருந்தால் அல்லது துன்புறுத்தினால், அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பாலியல் துன்புறுத்தலை மறைக்கக் கூடாது என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்கிறது, தெரிந்தும் சொல்லாதவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் யாரிடம், எப்படிச் சொல்லப் போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். பிள்ளை இதைக் கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பலருக்குத் தங்களிடம் யாரோ விதிமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது அதுதான் முதல்முறை.

ஊர்ப் பெரியவரால் இந்த உறுதியைத் தர முடியுமா? அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருக்கு அந்தப் பிள்ளையின் அப்பாவோடு நாளை வரப்பில் நிற்க வேண்டும், பங்காளி கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டும். அவர் கேட்பது பாதிக் காதால்தான் இருக்க முடியும். மறுபாதி குடும்ப மானத்துக்கு.

சரி, ஆசிரியர்களுக்கே ஒரு வாரப் பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வருகிறது. செலவு மிச்சம் என்பார்கள். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டிலேயே. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில், பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. பள்ளிகளில் ஒரு பகுதியில் மாணவர் நலத் திட்டம் ஒன்றை ஆசிரியர்களே நடத்தினார்கள். இன்னொரு பகுதியில் அதே திட்டத்தைப் பயிற்சி தரப்பட்ட ஆலோசகர்கள் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மருத்துவர்களோ உளவியல் நிபுணர்களோ அல்லர், சாதாரண ஆட்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் மிரட்டுவது குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளுக்கும் இந்தத் திட்டம் நடக்காத பள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆசிரியர்களின் அக்கறையில் குறை என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கையில் மதிப்பெண் பட்டியலும் இன்னொரு கையில் காதும் வைத்திருக்க யாராலும் முடியாது. தன்னைத் தேர்ச்சி பெறவைக்கும், பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் ஒருவரிடம் பிள்ளை முழு உண்மையைச் சொல்லாது. எங்கள் பள்ளி ஆசிரியர்களில் இருவர் இதை என்னிடம் அவர்களாகவே சொன்னார்கள். அவர்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

“எங்க காலத்துல கவுன்சலிங்கா இருந்துச்சு?” பெரியப்பாவின் இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். கூட்டுக்குடும்பம் இருந்தது, திண்ணை இருந்தது, எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள், அதனால் யாருக்கும் மனச்சுமை இல்லை என்பது அவர் நினைவு. அது ஆண்களின் நினைவு. என் அப்பாயியைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார். பதினான்கு வயதில் கல்யாணமாகி, இருபது பேர் இருந்த வீட்டுக்கு வந்தவர். “வூட்ல அழுவ எடம் ஏது? ஆத்துக்குப் போனாத்தான் அழுவ முடியும்” என்பார். கொள்ளிடத்தில் துணி துவைக்கும் கல்லில் துணியை அடித்துக்கொண்டே அழுவாராம். பக்கத்துக் கல்லில் இன்னொரு பெண். அவரும் துவைப்பார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். அழுது முடித்ததும், கனமான போர்வையைப் பிழிய மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயரை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் தனக்குப் புத்தி சொன்ன ஒருவரின் பெயரையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கூர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். செத்தவருக்காகத் தொடங்கும் பாட்டு கொஞ்ச நேரத்தில் தன் தாய்வீட்டுக்கும், தன் புருஷனுக்கும், தன்னைக் கட்டிக்கொடுத்த அண்ணனுக்கும் போய்விடும். சுற்றி இருப்பவர்கள் தடுக்க மாட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழுவார்கள். அழுது சொல்வதற்கு நம் பெண்களுக்கு ஊர் ஒத்துக்கொண்ட ஓர் இடம் அது. ஆண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆக, எங்கள் ஊரில் கேட்கிற காதுகள் எப்போதும் இருந்தன. ஆனால் அவை திண்ணையில் இல்லை. துவைக்கிற கல்லிலும் இழவு வீட்டு வாசலிலும் இருந்தன. இன்று ஆற்றில் துவைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் செய்ய விரும்பும் வேலைக்கு முன்னோடி யார் என்று கேட்டால் அந்தப் பக்கத்துக் கல் பெண்ணைத்தான் சொல்வேன்.

அடுத்து அந்தத் ‘தாங்கும் சக்தி’. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு பதறுகிறது, ஏனென்றால் நான் அரியலூர் மாவட்டத்துக்காரி. குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். மருத்துவக் கட்-ஆஃப் 196.75. பழைய முறை இருந்திருந்தால் இடம் உறுதி. நீட் வந்தது, விலக்கு வரும் என்று கடைசிவரை சொன்னார்கள், வரவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போய் நின்றார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அப்போதும் சிலர் சொன்னார்கள்: மனவலிமை இல்லை, யாராவது கவுன்சலிங் கொடுத்திருக்கலாம். ஒரு சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பதினேழு வயதில், டெல்லி நீதிமன்றத்துக்குப் போய் நின்றதைவிட என்ன வலிமை வேண்டும்? ஆலோசகர் இருந்திருந்தால் சரியாகியிருக்கும் என்ற பேச்சை ஆலோசகராகப் போகும் நானே ஏற்க மாட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையிடம் மூச்சை இழுத்துவிடச் சொல்வது என் வேலை அல்ல. கதவைத் திறப்பது அரசின் வேலை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு, நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இடம் கிடைக்கிறது. ஓராண்டில் எல்லாருக்கும் மனவலிமை வந்துவிட்டதா? கதவு கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

பலவீனம் என்று பெயர் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வைத்துவிட்டால் நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சட்டம்கூட அந்தப் பார்வையைத் தாண்டி வந்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. பதிமூன்றாயிரம் பேரும் பலவீனமானவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

“சாகணும்னு தோணுதா” என்று பிள்ளையிடம் கேட்கவே கூடாது, கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததுபோல் ஆகும் என்று ஒரு பயமும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்வது, உலக சுகாதார நிறுவனம் சொல்வது. தயங்காமல், பதறாமல், நேராகக் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பல பேருக்கு மூச்சு விட இடம் தருகிறது. கேட்டபிறகு தனியாக விடக் கூடாது, மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். பயிற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தைரியம் இது.

கடைசியாக, நான் யார் என்ற கேள்வி. பெரியப்பா கேட்காமல் விட்டது, பிறகு வேறு சிலர் கேட்டது: “லாரி டிரைவர் மவதானே, இதுக்கு என்ன தெரியும்? பெரிய டாக்டரா வந்து பேசட்டும்.” ஆமாம், அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சிமென்ட் ஆலைக்கு ராத்திரி நடை போனால் விடியும்வரை அம்மா தூங்க மாட்டார். அரியலூர் சாலைகளில் லாரி என்றால் என்ன என்று தெரிந்த வீடுகளுக்கு அந்த ராத்திரி தெரியும். இந்த வேலைக்கு இது குறை என்கிறார்கள். என் படிப்பைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஒரு பையன் “நேத்து அப்பா வரல” என்றால், அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பெரிய டாக்டர் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது நாட்டில் எடுத்துக்கொண்ட முதல் 4 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுவரை நாங்களும் திருச்சி மாவட்டம்தான். அப்புறமும் எங்கள் ஊர்களுக்கு மனநல மருத்துவர் எட்டாத தூரத்திலேயே இருந்தார். தேசிய மனநல ஆய்வு 2016இல் சொன்னது, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்று. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். எத்தனை பேருக்கு டாக்டர் வருவார்?

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இதே இடத்தில் திகைத்து நின்றார். தன்னிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாததால் வராமல் இருந்து, இறந்துபோனார். அதன்பின் 2006இல், ஹராரேயில், 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வு என்ற ஆஸ்பத்திரிச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள்படும் தங்கள் ஷோனா மொழிச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது. எங்கள் ஊரிலும் அதே சொல் இருக்கிறது: “ரொம்ப யோசிச்சு யோசிச்சு ஒடம்பு எளைச்சுப் போச்சு.” இந்தச் சொல்லைக் கேட்டதும் என்னவென்று புரிய இந்த ஊரில் பிறந்திருந்தால் போதும். அதைக் கேட்டு என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இந்தப் பணிக்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயர், தொகுப்பூதிய வேலை. ஆற்றுப்படை என்றால் என்னவென்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பசியோடு நடந்து போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே அதே பசியோடு வருகிறவனுக்கு வழி சொல்கிறான். எங்கே பள்ளம், எங்கே பாம்பு, யார் வீட்டில் சோறு கிடைக்கும் என்று சொல்கிறான். நட என்று அவன் கட்டளையிடுவதில்லை. அந்த வழியில் நடந்து வந்திருக்கிறான், அதுதான் அவனுடைய தகுதி. இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். அந்தச் சொல்லிலும் துணைதான் இருக்கிறது.

ஊர்க்காரியாக இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நான் எந்தத் தெரு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே என்னிடம் வராத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்காகத்தான் 14416, 104 என்ற உதவி எண்களை வகுப்புக்கு வகுப்பு எழுதிப் போட்டிருக்கிறேன். முகமும் தெருவும் தெரியாத ஒருவரிடம் பேசுவது சில நேரம் எளிது. கிராமத்தில் ரகசியம் காப்பது நகரத்தைவிடக் கடினம் என்பதும் உண்மை. என் அம்மாவே சாப்பாடு போடும்போது கேட்கிறார், “இன்னைக்கு யாரு வந்தா?” “புள்ளைங்கம்மா” என்பேன். அதற்கு மேல் அவர் கேட்பதில்லை இப்போது.

கூட்டம் முடிந்தபின் அறிவியல் ஆய்வகத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு பழைய பெஞ்சு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கால் ஆடும், செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும் என்பதால் இருவரும் வயலைப் பார்த்து ஒரே பக்கமாக உட்காருவோம். எல்லார் கண்ணுக்கும் தெரியும், யார் காதுக்கும் எட்டாது. இதில் மிச்சம் இருக்கும் சிக்கல் ஒன்றே ஒன்று. ஆய்வகத்தின் பின்சன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் மட்டும் அந்தச் சன்னலைச் சாத்தி வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.